ருடோல்ப் டீசல் (1858 - 1913): புகைக்குழாயில் வீணாகும் வெப்பத்தை எதிர்த்த பொறியியலாளர்

அறிமுகம்



வீதியில் ஒரு பழைய டீசல் கார் மேட்டில் ஏறும்போது அதன் புகைக்குழாயிலிருந்து கரும்புகை வெளிவருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரும்புகை வந்தால் எஞ்சின் நல்ல வலுவுடன் இயங்குகிறது என்று சிலர் கருதுவர். இன்னும் சிலர் சைலன்சரைக் கழற்றி அகன்ற குழாயைப் பொருத்தினால் போதும், கார் வேகமாக ஓடும் என்பர். இவை சரியா, பிழையா என்பதை அறிய வேண்டுமானால் டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்தவரின் வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில், எரிபொருளின் வெப்பம் பயனின்றி வெளியேறுவதைக் குறைப்பதற்காகவே அவர் தமது வாழ்நாளைச் செலவிட்டார்.

இப்பாடத்தில் ருடோல்ப் டீசலின் வாழ்க்கையைப் படிப்படியாகப் பார்ப்போம். இறுதியில், பழைய டீசல் காரொன்றின் வெளியேற்றத் தொகுதியை மாற்றியமைக்கும்போது அவரது வாழ்க்கை நமக்கு எதைக் கற்றுத்தருகிறது என்பதையும் நோக்குவோம்.

1. பிறப்பும் இளமையும்

ருடோல்ப் டீசல் 1858 மார்ச் 18 ஆம் திகதி பிரான்சின் தலைநகரான பாரிசில் பிறந்தார். அவரது பெற்றோர் ஜேர்மனியின் பவேரியாப் பகுதியிலிருந்து பாரிசுக்குக் குடியேறியவர்கள். தந்தை தியோடோர் டீசல் புத்தகம் கட்டும் தொழிலைக் கற்றவர். பாரிசில் அவர் தோற் பொருட்களைச் செய்து விற்று வந்தார்.

1870 இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் இடையே போர் மூண்டது. ஜேர்மனியக் குடும்பங்கள் பல பிரான்சை விட்டு வெளியேற நேரிட்டது. டீசலின் குடும்பமும் உடைமைகளை விட்டு இலண்டனுக்குச் சென்றது. அங்கு வாழ்க்கை கடினமாக இருந்தது. ஆகவே 12 வயதுச் சிறுவனான ருடோல்ப், ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பப்பட்டான். அந்த வீட்டுத் தலைவரான பார்னிக்கல் ஒரு கணித ஆசிரியர். அவர் கற்பித்த தொழிற் பாடசாலையிலேயே ருடோல்ப் சேர்க்கப்பட்டான்.

போரினால் இடம்பெயர்ந்து பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்த அச்சிறுவன் கல்வியைக் கைவிடவில்லை. 14 வயதில் தான் ஒரு பொறியியலாளராக வர விரும்புவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினான். 1873 இல் வகுப்பில் முதலாவதாகச் சித்தியடைந்தான். 1875 இல் மியூனிக் நகரின் பல்தொழினுட்பக் கல்லூரியில் கற்பதற்குப் புலமைப்பரிசில் கிடைத்தது.

2. பல்தொழினுட்பக் கல்லூரியில் எழுந்த வினா

மியூனிக்கில் டீசலின் பேராசிரியர்களுள் ஒருவர் கார்ல் வொன் லிண்டே. குளிரூட்டும் இயந்திரங்களின் வளர்ச்சிக்கு வழிகாட்டியவர் இவரே. வெப்ப இயக்கவியல் பற்றிய அவரது விரிவுரைகளில் மாணவர்கள் கேட்ட ஒரு செய்தி டீசலின் மனத்தில் ஆழப் பதிந்தது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் எரிபொருளின் வெப்பத்தில் சுமார் 10 சதவீதத்தையோ அதற்கும் குறைவையோதான் பயனுள்ள வேலையாக மாற்றின. மிகுதி வெப்பம் புகைபோக்கி வழியாகவும் நீராவியுடனும் வீணாகிப் போனது.

பத்து மூடை நிலக்கரியை எரித்து ஒரு மூடையின் பயனை மட்டும் பெறுவது எவ்வளவு பெரிய நட்டம் என்பதை எண்ணிப் பாருங்கள். 1824 இல் பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ, வெப்ப எஞ்சினொன்று கோட்பாட்டளவில் எவ்வளவு வேலையைத் தரலாம் என விளக்கியிருந்தார். அந்தக் கோட்பாட்டை ஓர் உண்மையான எஞ்சினாக்க முடியாதா என்பதே இளம் டீசலின் மனத்தில் எழுந்த வினா. அவரது எஞ்சியவாழ்வு முழுவதும் இந்த வினாவுக்கு விடை தேடுவதிலேயே கழிந்தது.

1879 இல் நெருப்புக் காய்ச்சலால் அவர் இறுதிப் பரீட்சைக்குத் தோற்ற முடியவில்லை. அடுத்த பரீட்சை வரும்வரை சுவிற்சர்லாந்தின் வின்டர்தூர் நகரிலுள்ள சுல்சர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்து செய்முறை அனுபவம் பெற்றார். 1880 சனவரியில் மிகச் சிறந்த பெறுபேறுகளுடன் சித்தியடைந்தார்.

3. பனிக்கட்டித் தொழிற்சாலையிலிருந்து வெப்ப எஞ்சினுக்கு

பரீட்சையின் பின் டீசல் பாரிசுக்குத் திரும்பி, லிண்டேயின் குளிரூட்டும் இயந்திரங்களையும் பனிக்கட்டித் தொழிற்சாலையையும் அமைக்கும் பணியில் ஈடுபட்டார். ஒரு வருடத்தில் அத்தொழிற்சாலையின் பணிப்பாளரானார். 1883 இல் மார்த்தா பிளாஷே என்பவரை மணந்தார். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தனர். 1890 இல் குடும்பத்துடன் பேர்லினுக்குச் சென்றார்.

பகலில் குளிரை உண்டாக்கும் இயந்திரங்களுடன் வேலை செய்தவர், ஓய்வு நேரத்தில் வெப்ப எஞ்சினைப் பற்றிச் சிந்தித்தார். முதலில் நீராவிக்குப் பதிலாக அமோனியா ஆவியைப் பயன்படுத்தும் எஞ்சினொன்றை அமைக்க முயன்றார். அது வெடித்தது. அவர் உயிர் தப்பினாலும் நீண்ட காலம் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. கண்பார்வையும் பாதிப்புற்றது. எனினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை.

அடுத்து அவர் வளியைப் பற்றிச் சிந்தித்தார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். வளியை விரைவாக நெருக்கும்போது அதன் வெப்பநிலை உயர்கிறது. போதிய அளவு நெருக்கினால், தீப்பொறி எதுவுமின்றி எரிபொருளைப் பற்றவைக்கும் அளவுக்கு வளி சூடாகும். டீசல் எஞ்சினின் அடிப்படைத் தத்துவம் இதுவே.

4. கோட்பாடும் அதன் திருத்தமும்

1892 பெப்ரவரியில் டீசல் தமது எஞ்சினுக்கான ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். 1893 இல் அது வழங்கப்பட்டது. அதே ஆண்டில் தமது கோட்பாட்டை ஒரு நூலாகவும் வெளியிட்டார். அவுக்ஸ்பேர்க் இயந்திரத் தொழிற்சாலையின் பணிப்பாளர் ஹைன்றிச் வொன் பூஸ் பரிசோதனை செய்ய இடமும் பணமும் தந்தார். பின்னாளில் எம்.ஏ.என். எனப் பெயர் பெற்ற நிறுவனம் இதுவே. குறுப் நிறுவனமும் உதவியது.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான விடயம் ஒன்று உள்ளது. டீசல் முதலில் எழுதிய கோட்பாட்டை அப்படியே செயற்படுத்த முடியவில்லை. எரிபொருள் எரியும்போது வெப்பநிலை உயராமல் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். அதற்குச் சுமார் 250 வளிமண்டல அமுக்கம் தேவைப்பட்டது. அக்காலத்து உருக்கும் வார்ப்பிரும்பும் அத்தகைய அமுக்கத்தைத் தாங்கா. தாங்கினாலும், எஞ்சினிலிருந்து பெறப்படும் வேலையின் பெரும்பகுதி வளியை நெருக்குவதற்கே செலவாகிவிடும்.

டீசல் தமது கணிப்புக்களைத் திருத்தினார். அமுக்கத்தை வெகுவாகக் குறைத்தார். எரிபொருள் எரியும்போது அமுக்கம் ஏறக்குறைய மாறாதிருக்கும் முறையைப் பின்பற்றினார். இத்திருத்தத்துக்காக 1893 இல் இரண்டாவது ஆக்கவுரிமைக்கும் விண்ணப்பித்தார்.

5. அவுக்ஸ்பேர்க் பரிசோதனைகள் (1893 - 1897)

1893 ஓகஸ்ட் 10 ஆம் திகதி முதலாவது பரிசோதனை நடைபெற்றது. எஞ்சின் தொழிற்சாலையின் சுழல்தண்டால் சுழற்றப்பட்டது. எரிபொருள் உட்செலுத்தப்பட்டதும் அது தானாகவே பற்றிக்கொண்டது. அமுக்கம் சுமார் 80 வளிமண்டலத்துக்கு உயர்ந்து, அமுக்கத்தைக் காட்டும் கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றவர்கள் மயிரிழையில் தப்பினர். எஞ்சின் தானே இயங்கவில்லை. ஆயினும் தீப்பொறியின்றி எரிபற்றல் நிகழும் என்பது உறுதியானது.

அந்த முதல் எஞ்சினில் நீர்க் குளிரூட்டல் இருக்கவில்லை. வெப்பம் வீணாகக் கூடாது என்ற எண்ணத்தில் டீசல் அதைத் தவிர்த்திருந்தார். நடைமுறையில் உலோகத்தைக் காப்பதற்குக் குளிரூட்டல் அவசியமென்று தெரிந்ததும் உருளையைச் சுற்றி நீர் செல்லும் வழியை அமைத்தார். 1894 பெப்ரவரி 17 ஆம் திகதி எஞ்சின் முதன்முறையாகத் தன் சொந்த வலுவில் இயங்கியது. அது ஒரு நிமிடம் மட்டுமே, நிமிடத்துக்கு 88 சுற்றுக்கள் என்ற வேகத்தில் ஓடியது.

அடுத்து எழுந்த பெரிய பிரச்சினை எரிபொருளை உருளையினுள் எவ்வாறு செலுத்துவது என்பது. எரிபொருள் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறி வளியுடன் கலந்தால்தான் முற்றாக எரியும். இல்லையெனில் கரி உண்டாகிப் புகையாக வெளியேறும். பம்பியினால் மட்டும் செலுத்தியபோது அக்காலத்தில் சரியான சிதறல் கிடைக்கவில்லை. எனவே உயர் அமுக்க வளியின் மூலம் எரிபொருளை ஊதிச் செலுத்தும் முறையைக் கையாண்டார். புகைக்கு எதிரான போராட்டம் டீசல் எஞ்சின் பிறந்த நாளிலிருந்தே தொடங்கிவிட்டது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

1897 பெப்ரவரி 17 ஆம் திகதி மியூனிக் பேராசிரியர் மொறிட்ஸ் ஷ்ரோட்டர் எஞ்சினை முறையாக அளந்து பரிசோதித்தார். பெறுபேறுகள் வருமாறு:

• உருளையின் விட்டம்: 250 மில்லிமீற்றர்
• முசலத்தின் அடிப்பு நீளம்: 400 மில்லிமீற்றர்
• வேகம்: நிமிடத்துக்கு 154 சுற்றுக்கள்
• வலு: சுமார் 17.8 குதிரைவலு, அதாவது 13.1 கிலோவாற்று
• எரிபொருள்: ஒரு குதிரைவலுவை ஒரு மணித்தியாலம் பெற 238 கிராம்
• வினைத்திறன்: 26.2 சதவீதம்

நீராவி எஞ்சினுடன் ஒப்பிட்டால் இது இரண்டரை மடங்குக்கும் அதிகம். அந்த எஞ்சினை மியூனிக்கிலுள்ள ஜேர்மன் அருங்காட்சியகத்தில் காணலாம்.

6. புகழும் சுமையும்

பரிசோதனையின் வெற்றிச் செய்தி பல நாடுகளுக்கும் பரவியது. எஞ்சினைத் தயாரிக்கும் உரிமையைப் பெறப் பல நிறுவனங்கள் முன்வந்தன. அமெரிக்காவில் அடோல்பஸ் புஷ் என்ற செல்வந்தர் உரிமை பெற்றார். டீசல் பெருஞ்செல்வரானார்.

ஆனால், பரிசோதனைக் கூடத்தில் ஓடிய எஞ்சினை நாள்தோறும் தொழிற்சாலையில் ஓட்டுவது வேறு விடயம். 1898 இல் கெம்ப்டன் நகரின் தீப்பெட்டித் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட எஞ்சின் உட்பட ஆரம்பகால எஞ்சின்களில் பல குறைபாடுகள் தோன்றின. வாங்கியவர்கள் முறைப்பாடு செய்தனர். ஆக்கவுரிமை தொடர்பான வழக்குகளும் எழுந்தன. இவற்றால் டீசலின் உடல்நலமும் மனநலமும் குன்றின. 1898 இல் சில காலம் சிகிச்சை நிலையமொன்றில் தங்கி ஓய்வெடுக்க நேர்ந்தது.

1900 இல் பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் டீசல் எஞ்சினுக்கு உயர் பரிசு கிடைத்தது. அங்கு காட்சிக்கு வைக்கப்பட்ட ஓர் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. பெற்றோலியம் இல்லாத நாடுகளும் தமது விவசாய விளைபொருளிலிருந்து வலுவைப் பெறலாம் என்பதில் டீசல் பின்னாளில் அதிக ஆர்வம் காட்டினார்.

சமூகத்தைப் பற்றியும் அவர் சிந்தித்தார். பெரிய நீராவி எஞ்சின்களைப் பெரிய முதலாளிகளால் மட்டுமே வாங்க முடிந்தது. சிறிய, சிக்கனமான எஞ்சின் கிடைத்தால் சிறு கைவினைஞரும் நிலைத்து வாழலாம் என அவர் நம்பினார். தொழிலாளர் கூட்டாக வாழ்ந்து உழைப்பது பற்றிய நூலொன்றை 1903 இல் வெளியிட்டார். அந்நூல் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை.

7. இறுதிப் பயணம்

செல்வம் நிலைக்கவில்லை. காணிகளிலும் எண்ணெய் வயல்களிலும் செய்த முதலீடுகள் பெரும் நட்டத்தைத் தந்தன. வெளியுலகம் அவரைச் செல்வந்தராகவே கருதியபோது அவர் கடனில் மூழ்கியிருந்தார்.

1913 செப்டெம்பர் 29 ஆம் திகதி மாலை, பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் ஹார்விச் நோக்கிச் செல்லும் டிரெஸ்டன் என்னும் கப்பலில் டீசல் ஏறினார். இலண்டனில் நடைபெறவிருந்த நிறுவனக் கூட்டமொன்றுக்குச் செல்வதே நோக்கம். இரவு உணவை முடித்து, காலையில் எழுப்பிவிடுமாறு கூறி அறைக்குச் சென்றார். மறுநாட் காலை அவர் அறையில் இல்லை. படுக்கை பயன்படுத்தப்படவில்லை. அவரது தொப்பியும் மேலங்கியும் கப்பலின் பின்தளத்தில் காணப்பட்டன.

பத்து நாட்களின் பின் டச்சுக் கப்பலொன்றின் மாலுமிகள் கடலில் ஓர் உடலைக் கண்டனர். அதிலிருந்து எடுக்கப்பட்ட பொருட்கள் தமது தந்தையுடையவை என மகன் ஒயிகன் அடையாளம் காட்டினார். மரணத்தின் காரணம் பற்றிப் பத்திரிகைகள் பலவிதமாக எழுதின. ஆயினும் இன்றுவரை அது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. இறக்கும்போது அவருக்கு வயது 55.

8. டீசலுக்குப் பின்: காருக்குள் வந்த எஞ்சின்

டீசல் வாழ்ந்த காலத்தில் அவரது எஞ்சின் தொழிற்சாலைகளிலும் கப்பல்களிலுமே பயன்பட்டது. எரிபொருளை ஊதிச் செலுத்தத் தேவைப்பட்ட வளி நெருக்கி மிகப் பெரிதாக இருந்தமையால் காரில் அதைப் பொருத்த முடியவில்லை. 1927 இல் பொஷ் நிறுவனம் எரிபொருள் பம்பியைப் பேரளவில் தயாரிக்கத் தொடங்கியது. அதன் பின்னரே சிறிய டீசல் எஞ்சின் சாத்தியமாயிற்று. 1936 இல் மேர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்னும் கார் வெளிவந்தது. அதன் வலு 45 குதிரைவலு. அவர் இறந்து 23 ஆண்டுகளின் பின்னரே இது நிகழ்ந்தது.

இதற்கிடையில் வேறொருவரும் வீணாகும் வெப்பத்தைப் பற்றிச் சிந்தித்தார். அவர் சுவிற்சர்லாந்தின் அல்பிரட் பூக்கி. புகைக்குழாய் வழியே வெளியேறும் சூடான வாயுவால் ஒரு சுழலியைச் சுழற்றி, அதன் மூலம் எஞ்சினுக்குக் கூடுதல் வளியைச் செலுத்தலாம் என அவர் 1905 இல் ஆக்கவுரிமை பெற்றார். இதுவே இன்று டேர்போ சார்ஜர் எனப்படுகிறது. 1978 இல் வெளிவந்த மேர்சிடிஸ் 300 எஸ்.டி. காரில் இது பொருத்தப்பட்டது. டேர்போ இல்லாதபோது 80 குதிரைவலு அளவைத் தந்த 3 லீற்றர் எஞ்சின், டேர்போவுடன் சுமார் 110 குதிரைவலுவைத் தந்தது. வெளியேற்ற வாயுவில் இருந்த சக்தி எவ்வளவு என்பதை இது காட்டுகிறது.

9. பழைய டீசல் காரின் வெளியேற்றத் தொகுதியை மாற்றியமைத்தல்

இப்போது தொடக்கத்தில் கூறிய வினாவுக்கு வருவோம். எரிபொருளின் சக்தியை ஏறத்தாழ மூன்று பங்குகளாகப் பிரிக்கலாம். ஒரு பங்கு பயனுள்ள வேலையாகிறது. ஒரு பங்கு குளிரூட்டும் நீருடன் செல்கிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எனவே குழாயை மாற்ற எண்ணுபவர் முதலில் கேட்க வேண்டியது குழாயின் விட்டம் எவ்வளவு என்பதையன்று. அதன் வழியே என்ன வெளியேறுகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

(அ) புகையின் நிறத்தை அவதானித்தல்

கரும்புகை: வளியின் அளவுக்கு மிஞ்சி எரிபொருள் செலுத்தப்படுகிறது, அல்லது எரிபொருள் சரியாகச் சிதறவில்லை. இது வலுவின் அடையாளமன்று. பணம் கொடுத்து வாங்கிய எரிபொருள் கரியாக வெளியேறுகிறது.
நீலப்புகை: மசகெண்ணெய் உருளையினுள் எரிகிறது.
வெண்புகை: எரிபொருள் எரியாமல் ஆவியாக வெளியேறுகிறது, அல்லது குளிரூட்டும் நீர் உருளையினுள் கசிகிறது.

இக்குறைகளைக் குழாயை மாற்றித் தீர்க்க முடியாது. வளி வடிகட்டி, எரிபொருள் உட்செலுத்தி, பம்பியின் நேர ஒழுங்கு, வால்வு இடைவெளி என்பவற்றையே முதலில் பரிசோதிக்க வேண்டும்.

(ஆ) டேர்போ இல்லாத எஞ்சின்

இவ்வகை எஞ்சினில் அகன்ற குழாயைப் பொருத்துவதால் கிடைக்கும் நன்மை சிறிது. சத்தமே பெரிதும் கூடும். துருப்பிடித்து உள்ளே அடைபட்ட சைலன்சரைத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவான புதிய சைலன்சரால் மாற்றினால், இழந்த வலு மீண்டும் கிடைக்கும்.

(இ) டேர்போ உள்ள எஞ்சின்

சுழலியின் முன்பக்கத்தில் அமுக்கம் கூடுதலாகவும் பின்பக்கத்தில் குறைவாகவும் இருந்தால்தான் அது நன்கு சுழலும். எனவே சுழலிக்குப் பின்னுள்ள குழாய் தடையின்றி இருப்பது பயன் தரும். சுழலிக்கு முன்னுள்ள பகுதியில் வாயு கசியாமலும் வெப்பத்தை இழக்காமலும் இருக்க வேண்டும். குழாயை மாற்றிய துணிவில் பம்பியைத் திருகி எரிபொருளைக் கூட்டினால் வெளியேற்ற வாயுவின் வெப்பநிலை அளவுமீறி உயரும். அதனால் சுழலியும் முசலமும் பழுதடையலாம்.

(ஈ) பாதுகாப்பு

சூடான குழாய் எரிபொருட் குழாய்களுக்கும் தடுப்புக் குழாய்களுக்கும் அருகே செல்லலாகாது. வெப்பத் தடுப்புத் தகடுகளை அகற்றலாகாது. இணைப்புக்களில் கசிவு இருந்தால் காபனோரொட்சைட்டு காரினுள் புகுந்து உயிராபத்தை விளைவிக்கலாம்.

(உ) சுகாதாரமும் சட்டமும்

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் டீசல் வெளியேற்றப் புகையை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. ஆகவே வினையூக்கி மாற்றியையோ துகள் வடிகட்டியையோ கழற்றி வெற்றுக் குழாயைப் பொருத்துவது, பிறர் சுவாசிக்கும் வளியில் நஞ்சைக் கலப்பதாகும்.

டீசலின் தாய்நாட்டில் பழைய கார்களுக்கு இதற்கு எதிரான மாற்றமே செய்யப்பட்டது. 2008 சனவரியில் பேர்லின், கொலோன், ஹனோவர் ஆகிய நகரங்களில் சூழல் வலயங்கள் ஏற்படுத்தப்பட்டன. கூடுதலாகக் கரித்துகள் வெளியிடும் வாகனங்கள் அங்கு நுழைவது கட்டுப்படுத்தப்பட்டது. பழைய டீசல் கார்களுக்குத் துகள் வடிகட்டியைப் பின்னர் பொருத்திய உரிமையாளர்களுக்கு 330 யூரோ வரிச்சலுகை கிடைத்தது. இவ்வகை வடிகட்டிகள் துகள்களைக் குறைந்தது 30 சதவீதமாவது குறைக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. ஆயினும் விற்பனைக்கு வந்த சில வடிகட்டிகள் அவ்வளவுக்குப் பயன்தரவில்லை எனப் பரிசோதனைகளில் தெரியவந்தது. பொருத்திவிட்டால் போதாது, அளந்து பார்க்க வேண்டும் என்பது இதன் பாடம்.

2015 செப்டெம்பரில் வொக்ஸ்வாகன் நிறுவனம் இதே பாடத்தை மறந்ததன் விளைவை உலகம் கண்டது. பரிசோதனையின்போது மட்டும் நைதரசன் ஒட்சைட்டுக்களைக் குறைத்துக் காட்டும் மென்பொருள் சுமார் 1 கோடி 10 இலட்சம் டீசல் கார்களில் இருந்தமை வெளியாயிற்று.

நம் நாட்டிலும் 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. டீசல் வாகனத்தின் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதே அங்கு அளக்கப்படுகிறது. வருமான அனுமதிப்பத்திரம் பெற இச்சான்றிதழ் தேவை.

10. டீசலின் வாழ்வு தரும் படிப்பினை

மாணவர்களே, டீசல் தமது முதற் கோட்பாட்டைப் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டிருந்தால் எஞ்சின் ஒருபோதும் ஓடியிராது. அவர் அளந்தார், பிழையைக் கண்டார், திருத்தினார், மீண்டும் அளந்தார். ஒரு நிமிடம் ஓடிய எஞ்சினை 26.2 சதவீத வினைத்திறனுக்குக் கொண்டுவர மேலும் மூன்று ஆண்டுகள் உழைத்தார். தமது வாழ்க்கையின் கணக்கை மட்டும் அவரால் அவ்வாறு சீர்செய்ய முடியாமற் போனது கவலைக்குரியது.

பழைய காரொன்றைத் திருத்தும் ஒருவரும் இதே வழியைப் பின்பற்றலாம். சத்தத்தை வைத்தோ புகையை வைத்தோ வலுவை மதிப்பிடாமல், எரிபொருட் செலவையும் புகையின் அளவையும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட வேண்டும். அவ்வாறு செய்பவர் டீசல் தொடங்கிய பணியையே தொடர்கிறார்.

நினைவிற் கொள்க

1858 - பாரிசில் பிறப்பு
1870 - போரினால் இடம்பெயர்வு, அவுக்ஸ்பேர்க்கில் கல்வி
1880 - மியூனிக்கில் சித்தியடைதல்
1892 - முதலாவது ஆக்கவுரிமைக்கு விண்ணப்பம்
1893 - முதலாவது பரிசோதனை
1894 - எஞ்சின் தானே ஒரு நிமிடம் இயங்குதல்
1897 - 26.2 சதவீத வினைத்திறன் உறுதிப்படல்
1900 - பாரிஸ் கண்காட்சியில் உயர் பரிசு
1913 - கடற்பயணத்தில் மறைவு

பயிற்சி வினாக்கள்

1. டீசல் எஞ்சினில் எரிபொருள் தீப்பொறியின்றிப் பற்றுவது எவ்வாறு?
2. டீசல் தமது முதற் கோட்பாட்டைத் திருத்த நேர்ந்தமைக்கு இரு காரணங்கள் தருக.
3. டீசல் வாழ்ந்த காலத்தில் அவரது எஞ்சினைக் காரில் பொருத்த முடியாமற் போனது ஏன்?
4. கரும்புகை எதைக் காட்டுகிறது? அதை அகன்ற குழாயால் தீர்க்க முடியுமா? விளக்குக.
5. டேர்போ உள்ள எஞ்சினில் சுழலிக்குப் பின்னுள்ள குழாயில் தடை குறைவாக இருக்க வேண்டியது ஏன்?

விடைக் குறிப்புக்கள்

1. வளியை மிகுதியாக நெருக்குவதால் அதன் வெப்பநிலை எரிபற்றும் அளவுக்கு உயர்கிறது.
2. தேவைப்பட்ட உயர் அமுக்கத்தை உலோகம் தாங்காமை; பெற்ற வேலை நெருக்கலுக்கே செலவாதல்.
3. எரிபொருளை ஊதிச் செலுத்தும் வளி நெருக்கி மிகப் பெரிதாக இருந்தமை.
4. எரிபொருள் முற்றாக எரியாமை. தீர்க்க முடியாது, வளி வடிகட்டி, உட்செலுத்தி, பம்பி ஆகியவற்றைச் சீர்செய்ய வேண்டும்.
5. சுழலியின் இருபக்க அமுக்க வேறுபாடு கூடுதலாக இருக்கும்போதே அது நன்கு சுழலும்.

குறிப்பு: நான்காம் வினா போன்ற வினாக்களுக்கு விடை எழுதும்போது "முடியாது" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். காரணத்தையும், செய்ய வேண்டியதையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமை பெறும்.